அணைத் தண்ணீரில் இரண்டு கோடுகள்

எங்கள் ஜீப்பை நிறுத்தியது யானை. சூரியநெல்லிக்குப் போகும் ஒரு வளைவில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று, புல்லைப் பிடுங்கிக் காலில் தட்டி மண்ணை உதிர்த்துத் தின்றுகொண்டிருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங் மேல் தாடையை வைத்துக்கொண்டார்.

“ஏனுங்க, ஆரன் அடிச்சா போவாதுங்களா?” என்று மச்சான் கேட்டார்.

“அடிச்சா வரும்ணே,” என்றார் டிரைவர்.

பின்னால் உட்கார்ந்திருந்த தோட்டத்துப் பெண்கள் சிரித்தார்கள். மச்சானும் கூடச் சிரித்தார். அவருக்கு எந்த ஊரிலும் ஆள் பழக்கம் உடனே ஆகிவிடும். யானை போவதற்குள் அந்தப் பெண்களின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பதுவரை கேட்டுவிட்டார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் பக்கம் பனைமரங்களுக்கு நடுவே ஒரு ஆள் சைக்கிளில் வந்தால் ஊர் எல்லையிலேயே யாரென்று தெரிந்துவிடும். இங்கே ரோட்டோரத்துச் செடிக்கு அப்பால் வெறும் வெள்ளை மூட்டம்.

மச்சான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். எங்கள் இரண்டு பேருக்கும் ஊர் நல்லேப்பிள்ளி. கொஞ்சம் நெல் வயல் உண்டு. எங்கள் பக்கம் கிணற்றிலோ வாய்க்காலிலோ யாராவது விழுந்துவிட்டால் ஆட்கள் முதலில் மச்சானிடம்தான் ஓடி வருவார்கள். அவர் போகிற வழியில் என் வாசலில் ஒரு சத்தம் கொடுப்பார். அவர் தண்ணீரில் இறங்குவார், பின்னால் நான் இறங்குவேன். சில பேரை உயிரோடு தூக்கியிருக்கிறோம். பெரும்பாலும் அப்படி அமைந்ததில்லை. இதற்கு யாரும் எங்களை வேலைக்கு வைக்கவில்லை. ஆனால் கல்யாண வீட்டில் மச்சானைக் கையைப் பிடித்து முன்வரிசையில் உட்கார வைப்பது இதற்காகத்தான். அவருக்கு ஊரில் இருக்கிற பேர் தண்ணீரால் வந்த பேர்.

தண்ணீரில் இறங்கி ஆட்களை மீட்கிறவர்களுக்கு மலையில் ஒரு முகாம் நடக்கிறது, உடம்பில் கருவி கட்டி நீந்தவைத்து அளப்பார்கள், தேறினவர்தான் இனி இறங்கலாம், ஒரு பகுதிக்கு ஒருவர் போதும் என்று பஞ்சாயத்து மெம்பர் வந்து சொன்னார். நான் பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. முகாம் என்றதும் ஏதாவது பேசச் சொல்வார்களோ என்றுதான் பயந்தேன். மச்சான் அன்றைக்கே புதுத் துண்டு வாங்கிவிட்டார்.

தங்கின இடம் எஸ்டேட்டில் மாதா கோவிலை ஒட்டிய மண்டபம். கம்பளிகளில் ஈரவாடை. சமையலுக்கு எஸ்தர் என்று ஒரு அம்மா இருந்தார். கொழுந்து பறிக்கிற வேலை, முகாம் நடக்கிற நாளில் சமையல். முதல் சாயங்காலம் மரவள்ளிக் கப்பைக்கிழங்கும் மத்திக் குழம்பும் வைத்தார். கிழங்கு எனக்குத் தொண்டையில் நின்றது. சோறு கேட்கக் கூச்சமாக இருந்தது.

“ஏண்ணே, கெழங்க அப்படி உத்துப் பாக்கீக? அது ஒங்களக் கடிக்காது,” என்றார் எஸ்தர்.

“எங்க மாப்ளைக்கு அரிசிய விட்டா வேற தெரியாதுங்கம்மா. வயக்காட்டுக்குள்ளயே பொறந்தவன்,” என்றார் மச்சான்.

எஸ்தர் உள்ளே போய் மத்தியானச் சோற்றில் ரசம் ஊற்றிக் கொண்டு வந்தார். சாயாவில் இஞ்சி போட்டிருந்தார். ஏலக்காய்க் காட்டுக்குள் இருந்துகொண்டு சாயாவில் ஏலக்காய் போட மாட்டீர்களா என்று மச்சான் கேட்டதற்கு, “ஏலக்கா விக்கிறதுக்குண்ணே. குடிக்கிறதுக்கு இஞ்சி,” என்றார்.

மறுநாள் காலை தேயிலைச் சரிவுக்குக் கீழே இருந்த அணைத் தண்ணீருக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். பல ஊர்களிலிருந்து வந்திருந்தார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு பெண், முப்பது வயது தாண்டியிருக்கும். எல்லோரும் டீச்சர் என்று கூப்பிட்டார்கள். அவர் பேசியது மலையாளத்தில். தீப்பெட்டியைவிடச் சின்னதாக இரண்டு கறுப்புக் கருவிகளைக் காட்டினார். ஒன்று மணிக்கட்டில், ஒன்று முதுகுக்குக் கீழே நடு இடுப்பில். கை எப்போது தண்ணீருக்குள் போகிறது, எவ்வளவு தூரம் இழுக்கிறது, உடம்பு எந்தப் பக்கம் எவ்வளவு புரளுகிறது, இடுப்பு தாழ்கிறதா என்பதையெல்லாம் அது பதிந்து வைத்துக்கொள்ளும் என்றார். தண்ணீருக்குள் இருக்கும்போது அது யாரிடமும் பேசாது. கரைக்கு வந்து கழற்றிக் கொடுத்த பிறகு அவருடைய டேப்லெட்டில் கோடாக வரும்.

இடுப்பில் பெல்ட் கட்டும்போது மச்சானுடைய அரைஞாண் கயிறு தடுக்கியது. அதைக் கொஞ்ச நேரம் கழற்றி வைக்கச் சொன்னார் டீச்சர். மச்சான் முகம் மாறிவிட்டது. எங்கள் பக்கம் ஆண் பிள்ளைக்கு அரைஞாண் அறுப்பது செத்த பிறகுதான்.

“அது மட்டும் ஆவாதுங்க டீச்சர். வேணும்னா தோலோட சேத்து ஒட்டிப்போடுங்க,” என்றார்.

டீச்சர் வற்புறுத்தவில்லை. கயிற்றின் மேல் பிளாஸ்திரி போட்டு, அதற்கு மேல் பெல்ட்டைக் கட்டினார்.

அந்தக் குளிரை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எங்கள் வாய்க்கால் தண்ணீரில் மார்கழியிலும் கொஞ்சம் வெயில் இருக்கும். இந்தத் தண்ணீர் மேலே பட்டதும் மூச்சு உள்ளேயே நின்றது. மிதவை கட்டிய கயிற்றை ஒட்டிப் போய், அந்தக் கோடியில் மணல் நிரப்பின பொம்மையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். இரண்டு இரண்டு பேராக விட்டார்கள். மச்சான் முன்னால் போனார். நான் பின்னால். ரப்பர் படகில் இரண்டு பேர் கூடவே வந்தார்கள்.

கரையில் டீச்சர் எங்கள் கோடுகளைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். பிறகு எங்கள் கைகளைப் பார்த்தார்.

“இரண்டு பேருடைய கருவியையும் ஒரே ஆளுக்குக் கட்டிவிட்டேனா?” என்று கேட்டார்.

இரண்டு கோடும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. ஏறின இடத்தில் இரண்டும் ஏறின. மேலே இருந்த கோடு நிதானப்பட்ட இடத்தில், ஒரு மூச்சு தள்ளிக் கீழே இருந்ததும் நிதானப்பட்டது.

“நாங்க ஒரே கெணத்துத் தண்ணி குடிச்சவங்க டீச்சர், அப்பிடித்தான் இருக்கும்,” என்றார் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு மட்டும் காது சுட்டது. அக்கா வீட்டுக்காரரை முந்திப் போவது எங்களில் மரியாதை இல்லை. வரப்பில் அவர் முன்னால், நான் பின்னால். பந்தியில் அவர் இலையில் கை வைத்த பிறகுதான் நான் வைப்பேன். தண்ணீரிலும் அப்படியே பழகிவிட்டது. அவருடைய பாதம் அடிக்கிற நுரையைப் பார்த்துக்கொண்டே நீந்துவேன். நுரை குறைந்தால் என் கையும் தானாகக் குறையும். இத்தனை வருஷத்தில் இதை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை. டேப்லெட்டில் பார்த்தபோது, யாரோ என்னை ஒளிந்திருந்து பார்த்த மாதிரி இருந்தது.

நாளைக்கு இரண்டு பேரும் தனித்தனியாக நீந்துங்கள் என்றார் டீச்சர்.

அன்று சாயங்காலம் மழை வலுத்தது. மச்சான் மற்ற ஊர்க்காரர்களோடு சீட்டாடப் போய்விட்டார். எனக்கு அந்தக் கூட்டத்தில் உட்காரத் தெரியாது. அடுப்படியில் நின்று கை காய்ந்துகொண்டிருந்தேன். மறுநாளைக்கான ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த எஸ்தர், சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த ஒரு போட்டோவைக் கண்ணால் காட்டினார்.

“எந் தம்பி சேவியருண்ணே. இந்த அணையில யாரு விழுந்தாலும் அவந்தான் போவான். போன மழைக்கு ரெண்டு பேரு டூர் வந்தவங்க விழுந்துட்டாங்க. ஒருத்தன இழுத்துக் கரையில போட்டான். இன்னொருத்தனுக்குன்னு திரும்பிப் போனான்.”

மாவை உருட்டி வைத்தார்.

“நாங்க எல்லாம் கரையிலதான் நிக்கோம். நல்லாத்தான் நீந்துதான். பாதி தூரத்துல கைய ஒசத்தினான். கூப்புடுதான்னு நெனச்சோம். அதுக்கப்புறம் காணோம். களைச்சிட்டான்னு எங்களுக்குத் தெரியலண்ணே. அவனுக்கே தெரியல. தெரிஞ்சா திரும்பியிருப்பான்ல?”

மாவுச் சட்டியை நகர்த்திக் கொடுத்தேன். “அதுக்கப்புறந்தான் இந்த மெஷினெல்லாம் வந்துச்சு,” என்றார் அவர்.

மூன்றாம் நாள் காலை ரொட்டியும் மிளகாய்த் துவையலும். ரொட்டி தடிமனாக, சூடாக, நன்றாக இருந்தது. மச்சான் தட்டை எடுத்துக்கொண்டு என்னை மண்டபத்துக்கு வெளியே கூட்டிப்போனார். மழை விட்டிருந்தது.

“மாப்ள, இன்னைக்குத் தனித்தனியா உடறாங்க. நீ உன்ற பாட்டுக்கு வேகமாப் போயிப்போடாத. என்ன?”

“சரிங்க மச்சான்.”

“ரெண்டு பேரும் ஒண்ணாட்டம் இருந்தா மூத்தவன்னு என்னையத்தான் எடுப்பாங்க. எனக்கப்புறம் நீதானே. இன்னும் கொஞ்ச வருசம். அப்புறம் நானே உன்ற கைல குடுத்துப்போடறேன்.”

“சரிங்க.”

அவர் தன் தட்டிலிருந்த இன்னொரு ரொட்டியை எடுத்து என் தட்டில் வைத்தார்.

மெதுவாகப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இறங்கினேன். ஆனால் முன்னால் யாரும் இல்லை. எவ்வளவு மெதுவாகப் போனால் மெதுவென்று எனக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டு போக ஒரு நுரை இல்லை. குளிருக்கு உடம்பு பரபரத்தது, கை தன் போக்கில் போனது. கோடியில் பொம்மையைப் பிடித்துத் திரும்பும்போதுதான் மச்சான் சொன்னது ஞாபகம் வந்தது. வந்த பிறகும் கை கேட்கவில்லை. கரைக்கு வந்தபோது படகுக்காரர் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

மச்சான் என்னைப் பார்க்காமல் பெல்ட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அவர் இறங்கின விதம் அழகு. எப்போதும் அப்படித்தான், தண்ணீர் தெறிக்காது. நான் முதல் தடவையாகக் கரையில் நின்று அவர் நீந்துவதைப் பார்த்தேன். ஒரு குறையும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் நேரமாகிறது என்று மட்டும் பட்டது. திரும்பி வருகையில் ஒரு இடத்தில் மிதவையைப் பிடித்து நின்றார். தலைமுடியை ஒதுக்கினார். பிறகு வந்து சேர்ந்தார். உதடு நீலமாக இருந்தது. எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

டீச்சர் அவரை ஒரு கல்லில் உட்கார வைத்து, கம்பளியைப் போர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து டேப்லெட்டைக் காட்டினார். நான் தள்ளிப் போக நினைத்தேன். “நீயும் பாரு,” என்றார் மச்சான்.

“சேட்டா, இது உங்கள் கை. இது வரைக்கும் நன்றாக இழுக்கிறது. இங்கேயிருந்து பாதி இழுப்பில் வெளியே எடுத்துவிடுகிறீர்கள். இது இடுப்பு. இங்கே தாழ ஆரம்பித்துவிட்டது. இந்த இடத்தில் உங்களுக்கு எப்படி இருந்தது?” என்று கேட்டார்.

“நல்லாத்தான் இருந்துதுங்க. எப்பவும்போல.”

“களைப்பு தெரியவில்லையா?”

“இல்லீங்க.”

டீச்சர் அந்தக் கோட்டை முதலிலிருந்து விரலால் தொட்டுக்கொண்டு வந்தார்.

“தண்ணி குளுருங்க டீச்சர். அதனாலதான்,” என்றார் மச்சான்.

அதையும் டீச்சர் தள்ளிவிடவில்லை. மத்தியானம் கொஞ்சம் வெயில் வந்ததும், சூடாகக் கஞ்சி குடிக்க வைத்து, பொம்மையும் இல்லாமல், இன்னொரு தடவை இறங்கச் சொன்னார். படகைக் கை எட்டும் தூரத்திலேயே வரவைத்தார். அதே இடத்துக்கு முன்பாகவே கோடு சுருங்கிவிட்டது. அப்போதும் மச்சான் நன்றாக இருந்தது என்றுதான் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“தண்ணீரில் இனி இறங்காதீர்கள் சேட்டா. கரையில் இருந்து செய்ய எவ்வளவோ வேலை இருக்கிறது. ஊருக்குப் போனதும் நெஞ்சுக்கு ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள். தள்ளிப்போட வேண்டாம்,” என்றார் டீச்சர். எங்கள் பகுதிக்கு என் பேரை எடுத்துக்கொண்டார்.

எஸ்தரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினோம். ஒரு பொட்டலத்தில் ஏலக்காய் கொஞ்சம் கொடுத்தார். மச்சான் வாங்கிக்கொண்டு, “குடிக்கிறதுக்கா விக்கிறதுக்கா?” என்று கேட்டார். எஸ்தர் சிரித்துவிட்டு மச்சான் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஜீப்பை நோக்கி மச்சான் நடந்த பிறகு என்னிடம், “அண்ணனப் பாத்துக்கிருங்க,” என்றார்.

திரும்பும் வழியில் பஸ் ஒரு ஏற்றத்தில் புகை விட்டு நின்றுபோனது. வேறு பஸ் வரும்வரை எல்லோரும் ரோட்டோரம் நின்றோம். மச்சான் கண்டக்டரோடு பேசினார், அன்னாசிப் பழம் விற்கிறவரோடு பேசினார், பழம் வாங்கி முன்பின் தெரியாத ஒரு குழந்தைக்குக் கொடுத்தார். என்னோடு பேசவில்லை. அடுத்த பஸ்ஸில் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். மலை இறங்க இறங்கக் காற்றில் ஈரம் போய்ச் சூடு ஏறியது. சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டேன். ஊர் வந்துகொண்டிருக்கிறதென்று சந்தோஷப்பட வேண்டிய நேரம். நான் மச்சானுடைய பின்தலையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நல்லேப்பிள்ளியில் இறங்கும்போது பொழுது சாயவில்லை. ஸ்டாப்பை ஒட்டி வேலுச்சாமி சாயாக்கடை. வயல் வேலை முடிந்து வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

“என்னுங்க, மலையவே நீந்தித் தாண்டீட்டு வந்தாப்ல இருக்குது?” என்றார் வேலுச்சாமி.

“அதையேன் கேக்கறீங்க. மாப்ளய எடுத்துட்டாங்க. அந்த மெசினுக்கு என்ற மொகரை புடிக்கல,” என்றார் மச்சான்.

கடை முழுவதும் சிரித்தது. மச்சான் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். முகாமில் போனது எல்லாம் அவர் முகத்துக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

“அங்கத்த தண்ணி ஐஸ் கட்டியாட்டங்க. எருமைய எறக்கினாலும் நொண்டிப்போடும். மெசின நம்ம வாய்க்காலுக்குக் கொண்டாந்து கட்டிப் பாக்கட்டும், அப்பத் தெரியும்.”

“அதானே! நீங்க இல்லாம இங்க ஆரு எறங்கறது? நாளான்னிக்கு வாய்க்கால்ல தண்ணி தொறக்கறாங்க. போன தடவையே மதகுகிட்ட என்ன இழுப்பு இழுத்துது!” என்றார் வேலுச்சாமி.

“கூப்புடுங்க. வராம எங்க போயிடறேன்,” என்றார் மச்சான்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் எதுவும் சொல்ல மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கடையில் ஒரு சாயா என்பதற்கு மேல் நான் பேசினதே இல்லை.

“கூப்புடாதீங்க,” என்றேன்.

சத்தம் வெளியே வரவில்லை போலிருக்கிறது. “என்னுங்க?” என்றார் வேலுச்சாமி.

“மச்சானைக் கூப்புடாதீங்க. அவரு எறங்கக் கூடாதுங்க. பாதியிலயே கை ஓஞ்சு போவுது, அவருக்குத் தெரியறதில்ல. வெயில்லயும் பாத்தாங்க, அப்பிடித்தான் இருந்துது. நெஞ்சுக்கு டாக்டரப் பாக்கச் சொல்லியிருக்காங்க. எத்தன மணின்னாலும் என்னையக் கூப்புடுங்க.”

கையிலிருந்த சாயா வேட்டியில் சிந்தியது. பிறகு பெஞ்சின் கோடியிலிருந்து ஒருவர், “மெடலு வாங்கீட்டு வந்ததும் மாப்ளைக்கு வாய் மொளச்சிருச்சாட்ட இருக்குது,” என்றார். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

மச்சான் டம்ளரைக் கீழே வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பையை எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்தார். அவர் வயலைத் தாண்டும்வரை நான் கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். வேலுச்சாமி என்னிடம் காசு வாங்கிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் சில்லறை கொடுத்தார்.

அக்கா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ஊருக்கு முன்னால் அவரை ஒன்றுமில்லாமல் பண்ணிவிட்டேன் என்று என் வீட்டுக்காரியிடம் சொல்லி அழுதாளாம். தண்ணீர் திறந்த பிறகு ஒரு தடவை கூப்பிட்டார்கள். வேலுச்சாமியே என் வாசலில் வந்து சத்தம் கொடுத்தார். அக்கா வீட்டைத் தாண்டித்தான் ஓடினோம். மச்சான் வாசலில் நின்றார், எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். அன்று மதகில் என் இடுப்பில் கட்டின கயிற்றை வேலுச்சாமி பிடித்துக்கொண்டார். நான் எடுத்து வந்தது உயிரோடு இல்லை.

மச்சான் டாக்டரைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் வழியில்லை. காலையில் அவர் வயலுக்குப் போகும்போது நான் என் வரப்பில் மண்வெட்டியோடு நின்றுகொள்கிறேன். போகப் போகக் கை வீச்சு குறைகிறதா என்று அவர் மறைகிறவரை பார்க்கிறேன்.